துணிக்கடைக் குமாஸ்தாவின் மகன்

பள்ளி இறுதித் தேர்வு முடிவு வெளியாகும் நாளில் நம் கோட்டுச்சேரிக் கடைத்தெருவில் இரண்டே வகைப் பிள்ளைகள்தாம் உண்டு. ஒன்று தேறிய பிள்ளை; மற்றது தவறிய பிள்ளை. தேறிய பிள்ளையின் படம் தட்டியில் ஏறுகிறது. தவறிய பிள்ளை கொல்லைப்புற வழியாக வீட்டுக்குள் நுழைகிறது. பத்துப் பன்னிரண்டு ஆண்டு பள்ளிக்கூடம் போய்வந்த ஒரு பிள்ளையைப் பற்றி ஊரார் கேட்பது ஓர் எண்ணைத்தான். அவன் எதில் கெட்டிக்காரன், எதற்காக உழைத்தான், பள்ளிக்கு அவனால் ஆன நன்மை என்ன, அவன் கைபட்டுத் துலங்கிய காரியம் எது என்று கேட்பாரும் இல்லை. கேட்டாலும் எடுத்துக்காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

இந்தக் குறையைப் பற்றிப் பேச ஒருவருடைய வாழ்வை எடுத்துச் சொன்னால் போதும். அவர் நமக்கு அயலூரார் அல்லர். கும்பகோணத்தை ஒட்டி ஓடிவரும் அரசலாறு நம் காரைக்காலில்தான் கடலில் கலக்கிறது. அந்தக் குடந்தை மண்ணில் வளர்ந்தவர்தான் கணித மேதை சீனிவாச இராமானுஜன். அவர் உலகப் புகழ் பெற்றவர் என்பதை எல்லோரும் அறிவர். கல்லூரியின் முதற்படித் தேர்வில் திரும்பத் திரும்பத் தவறியவர் என்பதையும் பலர் அறிவர். அந்தத் தோல்விக்கு முன்னால், பள்ளிக்கூடத்தில் அவருக்குக் கிடைத்த மரியாதையைப் பற்றித்தான் நாம் போதிய அளவு பேசுவதில்லை.

1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில், தாயைப் பெற்றவர்கள் வீட்டில் பிறந்தார். வளர்ந்தது குடந்தை சாரங்கபாணி சன்னதித் தெருவில். தந்தை துணிக்கடை ஒன்றில் கணக்கெழுதிய குமாஸ்தா. திங்களுக்கு ஏறத்தாழ 20 ரூபாய் சம்பளம். தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பாடிச் சிறிது சம்பாதிப்பார். அதுவும் போதாமல், குடந்தைக் கல்லூரியில் படிக்க வந்த வெளியூர் மாணவர் இருவருக்கு வீட்டில் இடமும் சோறும் கொடுத்து, அதில் வந்த காசையும் சேர்த்துத்தான் அடுப்பு எரிந்தது.

சோறு போட்ட வீட்டுக்கு அந்த மாணவர்கள் வேறொரு வகையிலும் கடன் தீர்த்தார்கள். அவர்களிடமிருந்த கணக்கறிவு முழுவதையும் பதினொரு வயதுப் பையன் கறந்துவிட்டான். லோனி என்பவர் எழுதிய திரிகோணமிதி நூல் அவன் கைக்கு வந்தது. கல்லூரிப் பிள்ளைகள் திணறும் அந்த நூலைப் பதின்மூன்று வயதுக்குள் கரைத்துக் குடித்தான். இத்தனைக்கும் தேர்வுக்கு அஞ்சிய பிள்ளையல்ல அவன். 1897இல் தொடக்கப்பள்ளித் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தவன்! அடுத்த ஆண்டு குடந்தை நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தான்.

அந்தப் பள்ளியில் நடந்த ஒன்றைத் தொழிலாளத் தோழர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். பள்ளியில் ஏறத்தாழ 1,200 மாணவர்கள், 35 ஆசிரியர்கள். எந்த வகுப்புக்கு எந்த ஆசிரியர், எந்த மணிக்கு எந்தப் பாடம், ஒருவருக்கே ஒரே வேளையில் இரண்டு வகுப்பு வந்துவிடாமல், எந்த வகுப்பும் ஆசிரியர் இன்றிக் கிடக்காமல் அட்டவணை போட வேண்டும். ஆலையில் மூன்று ஷிப்டுக்கு ஆள் போடுகிற மேஸ்திரியைக் கேளுங்கள், அது எவ்வளவு தலைவலி பிடித்த வேலை என்று. இரண்டு பேர் லீவு போட்டால் பட்டியல் முழுவதும் சரிந்துவிடும். அந்த வேலையில் பதினான்கு வயது மாணவன் இராமானுஜன் பள்ளிக்குத் துணைநின்றான். அரைக்கால் சட்டைப் பருவத்துப் பையன் கையில் 1,200 பேரின் நேரத்தை நம்பி ஒப்படைத்தார்கள்!

அதற்கு எந்தத் தேர்விலும் மதிப்பெண் கிடையாது. பாடத்திட்டத்தில் அப்படியொரு பாடமே கிடையாது. ஆனால் அந்தப் பையனிடம் என்ன இருக்கிறது என்பதை வினாத்தாளைவிட அந்த அட்டவணை தெளிவாகச் சொல்லிற்று. அதைக் கண்டுகொள்ளும் ஆசிரியர்கள் அந்தப் பள்ளியில் இருந்தார்கள். அவன் நற்பேறு அது.

1904இல் பள்ளிப் படிப்பு முடிந்தது. பரிசளிப்பு விழா. கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசு இராமானுஜனுக்கு. பரிசு கொடுத்ததோடு தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி அய்யர் நின்றுவிடவில்லை. கூடியிருந்தோர் முன்னிலையில் அவனை அறிமுகப்படுத்தியபோது, இந்த மாணவனுக்கு முழு மதிப்பெண் கொடுத்தாலும் அது குறைவே என்ற கருத்துப்படப் பேசினார். எண்ணிப் பாருங்கள். நூற்றுக்கு நூறு என்பது தேர்வின் எல்லை. அந்த எல்லைக்கு அப்பாலும் ஒரு பிள்ளை இருக்கக்கூடும் என்று, தேர்வு நடத்தும் பள்ளியின் தலைவரே, ஊர் கேட்கச் சொன்னார்.

இன்றைக்கு எத்தனை தலைமையாசிரியர்கள் அப்படிச் சொல்கிறார்கள்? மனம் இல்லாமல் இல்லை. நல்ல ஆசிரியர்கள் நம் காரைக்கால் வட்டாரத்திலும் நிறைய உண்டு. சொல்வதற்கு இடம்தான் இல்லை. பள்ளியை விட்டு வெளியேறும்போது கொடுக்கும் மாற்றுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பிறந்த நாள், அடையாள மச்சம், சேர்ந்த நாள், நீங்கிய நாள் எல்லாம் இருக்கும். நடத்தையும் ஒழுக்கமும் என்று ஒரு வரி. அதற்கு நேரே ஒரு சொல்: நன்று. வகுப்பில் வாய் திறவாத பிள்ளைக்கும் நன்று. ஆண்டு முழுவதும் தண்ணீர்த்தொட்டி கழுவி, மரக்கன்றுக்கு நீர் ஊற்றி, தவறிய தோழனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளைக்கும் நன்று. ஒரு பிள்ளையின் வளர்ச்சியைச் சொல்ல இருக்கும் ஒரே வரி, எல்லாரையும் ஒன்றுபோலச் சொல்லி ஒருவரையும் சொல்லாமல் விடுகிறது.

இராமானுஜன் கதைக்கு வருவோம். பள்ளியில் கிடைத்த மதிப்பு அவனைக் குடந்தை அரசுக் கல்லூரிக்கு உதவித்தொகையோடு அனுப்பிற்று. அங்கேதான் சறுக்கல். அதற்கு முந்தைய ஆண்டில் அவன் கையில் ஒரு நூல் சிக்கியிருந்தது. கார் என்ற ஆங்கிலேயர் தேர்வு மாணவர்களுக்காகத் தொகுத்த புத்தகம். ஆயிரக்கணக்கான தேற்றங்கள், பெரும்பாலும் விளக்கம் இன்றி, வரிசையாக. மற்றவர்களுக்கு அது வறண்ட பட்டியல். இவனுக்கோ ஒவ்வொரு வரியும் ஓர் அறைகூவல். இரவும் பகலும் அதிலேயே மூழ்கினான். ஆங்கிலக் கட்டுரையில் தவறினான். உதவித்தொகை போயிற்று.

தாய் கோமளத்தம்மாள் சும்மா இருக்கவில்லை. கல்லூரி முதல்வரிடமே நேரில் சென்று வாதாடினார். கணக்கில் என் மகனுக்கு இணை யார், அவனுக்கு எப்படி உதவித்தொகையை நிறுத்தலாம் என்று கேட்டார். முதல்வர் மரியாதையாகப் பேசினார். விதி விதிதான் என்று அனுப்பிவிட்டார். பருவத்துக்கு 32 ரூபாய் கட்டணம். தந்தையின் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றரை மாதச் சம்பாத்தியம். 1905 ஆகஸ்டில் பையன் வீட்டைவிட்டே ஓடினான். விசாகப்பட்டினம் வரை போனான். காணாமற்போன மகனைத் தேடிப் பெற்றோர் செய்தித்தாளில் அறிவிப்புக் கொடுக்கும்படி ஆயிற்று.

அந்த முதல்வரைத் திட்டுவது எளிது. நான் திட்டப்போவதில்லை. அவர் மேசைமேல் இருந்த ஏட்டில் என்ன இருந்தது? ஆங்கிலத்தில் தவறியவன் என்றிருந்தது. அடுத்த தெருப் பள்ளியின் பரிசளிப்பு விழாவில் சொன்ன சொல் அந்த ஏட்டில் ஏறவில்லை. 1,200 பேரின் அட்டவணை ஏறவில்லை. வாயால் சொன்னது கைதட்டலோடு கரைந்தது. தாளில் எழுதியது நின்றது. எழுத்தை நம்பி ஆளும் அலுவலகம் எழுத்தில் உள்ளதைத்தான் பார்க்கும்.

அடுத்து 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரி. அங்கே சிங்காரவேலு முதலியார் என்றொரு கணிதப் பேராசிரியர். வெளிநாட்டுக் கணித இதழ்களில் வரும் கடினமான கணக்குகளை எடுத்துவைத்துக்கொண்டு ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து தீர்ப்பார்களாம். ஆசிரியரால் முடியாததை மாணவர் முடித்துக் கொடுப்பதும் உண்டு. ஆனால் எஃப்.ஏ. தேர்வில் உடலியலும் ஒரு பாடம். செரிமானம் பற்றிய வினாவுக்கு, இந்தப் பாடம் எனக்குச் செரிக்கவில்லை என்ற பொருளில் எழுதி வைத்துவிட்டு வந்தார் என்று ஒரு கதை உண்டு. சிரிப்புக்கு நல்ல கதை. அந்தத் தாளுக்குக் கிடைத்தது பத்து விழுக்காட்டுக்கும் குறைவு. 1906 டிசம்பரில் தவறினார். 1907 டிசம்பரில் மறுபடி தவறினார். கணிதத்தில் மட்டும் தேறினார்.

பட்டம் இல்லை. வேலை இல்லை. 1909இல் திருமணம் வேறு. பட்டினியை வென்று கணக்குப் போட்டார் என்று இந்நாளில் மேடைகளில் பெருமையாகப் பேசுகிறோம். பட்டினியில் பெருமை ஒன்றும் இல்லை, தோழர்களே. தாள் வாங்கக் காசில்லாமல் கற்பலகையில் எழுதி, முழங்கையால் அழித்து, மீண்டும் எழுதினார். முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்தார். வழிமுறையெல்லாம் முழங்கையோடு அழிந்தது. ஒரு குயர் தாளின் விலைக்காக எத்தனை அறிவு துடைத்தெறியப்பட்டதோ, யாருக்குத் தெரியும்!

1910இல் அந்த நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே துணைக் கலெக்டராக இருந்தவர் இராமசாமி அய்யர். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். இராமானுஜன் கேட்டது தாலுகா அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை. நோட்டைப் புரட்டிப் பார்த்த அதிகாரி, இந்த அறிவைத் தாலுகா கச்சேரியில் போட்டு அமுக்க மனமில்லாமல், சென்னையிலுள்ள கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அவர்கள் வழியாக நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் அறிமுகமானார். அவர் தம் கைப்பொறுப்பில் திங்களுக்கு 25 ரூபாய் கொடுத்துவந்தார். 1911இல் முதல் கட்டுரை கணிதக் கழக இதழில் வெளியாயிற்று.

இந்த இடத்தில், அய்யங்கார் வீட்டுப் பிள்ளைக்கு அய்யர் வீட்டு அதிகாரி சிபாரிசு, இதில் நமக்கென்ன என்று முகம் சுளிக்கும் தோழர்களும் இருப்பார்கள். அந்தக் கேள்வியை ஒதுக்கித் தள்ளக் கூடாது. அதில்தான் விஷயமே இருக்கிறது. இராமானுஜன் ஏழைதான். ஆனால் துணைக் கலெக்டர் வீட்டுத் திண்ணையில் ஏறி நிற்க அவரால் முடிந்தது. அவர் பேச்சை, உடையை, குடும்பத்தை அந்தத் திண்ணை அறிந்திருந்தது. ஒருவர் கடிதம் கொடுக்க, மற்றொருவர் வாங்கிப் படிக்க, மூன்றாமவர் பணம் கொடுக்க ஒரு சங்கிலி இருந்தது. அப்படிப்பட்டவருக்கே ஐந்தாறு ஆண்டு அலைச்சல் என்றால், கோட்டுச்சேரி மேட்டுக் குப்பத்திலிருந்து ஒரு மீனவர் மகன், நெடுங்காட்டு வயலிலிருந்து ஒரு கூலிக்காரர் மகள், நோட்டுப் புத்தகத்தோடு யார் திண்ணையில் ஏறுவது? அந்தக் காலத்தில் எத்தனை இராமானுஜன்கள் திண்ணைக்குக் கீழேயே நின்று திரும்பிப் போனார்கள் என்பதை எந்த வரலாறும் எழுதவில்லை.

1912 மார்ச்சு முதல் நாள் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் கணக்குப் பிரிவுக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். சம்பளம் 30 ரூபாய். மனுவில் தம் படிப்பைப் பற்றி எழுதும்போது, மெட்ரிகுலேஷன் தேறியதையும் எஃப்.ஏ. வரை படித்ததையும் சொல்லி, பல இடையூறுகளால் மேலே தொடர முடியவில்லை என்று முடித்தார். அந்த ஒரு வாக்கியத்துக்குள் எத்தனை அழுகை அடங்கியிருக்கிறது! துறைமுகத்தில் சரக்குக் கட்டிவரும் காகிதங்களைப் பொறுக்கி எடுத்து அவற்றில் கணக்குப் போட்டார். நல்வாய்ப்பாக, மேலதிகாரி நாராயண அய்யரும் கணிதம் அறிந்தவர். தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற பொறியாளர், தம் குமாஸ்தா யார் என்று விசாரித்து அறிந்தவர். சம்பளக்காரனிடம் கோப்பு முடிந்ததா என்று மட்டும் கேட்காத முதலாளியும் அபூர்வமாக இருக்கத்தான் செய்கிறார்.

பிறகு நடந்தது ஊரறிந்தது. இங்கிலாந்துப் பேராசிரியர்கள் சிலருக்கு எழுதிப் பயனில்லாமல், 1913 சனவரி 16 நாளிட்டு கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு எழுதினார். பட்டமில்லாத, துறைமுகக் குமாஸ்தா என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டே எழுதினார். ஹார்டி அதைக் குப்பையில் போடவில்லை. நண்பர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து வரிவரியாகப் படித்தார். ஹார்டியே கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் 1898இல் நான்காம் இடம் பெற்றவர். அப்படிப் பெற்ற பின்பும் அந்தத் தேர்வு முறையைச் சாடியவர். முதலிடம், இரண்டாமிடம் என்று வரிசையிட்டுப் பட்டியல் வெளியிடும் வழக்கம் அங்கே 1909ஓடு ஒழிந்தது. ஒழிக்கப் பாடுபட்டவர்களில் அவரும் ஒருவர். நம் ஊரில் அந்தப் பட்டியல் பள்ளிக்கூட வாசல் தட்டியில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

கடிதத்தைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது சென்னைப் பல்கலைக்கழகத்தில் அதே ஆண்டு நடந்தது. வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் துறைமுகத்துக்கு வந்தபோது அந்த நோட்டுகளைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். இந்தக் குமாஸ்தாவுக்கு ஆய்வு உதவித்தொகை கொடுக்கலாம் என்று கணிதப் பாடக்குழு பரிந்துரைத்தது. விசயம் ஆட்சிக்குழுவுக்கு வந்தது. விதி குறுக்கே நின்றது. ஆய்வு உதவித்தொகை பட்டம் பெற்றவருக்கு உரியது; வந்திருப்பவரோ எஃப்.ஏ. தவறியவர். குடந்தைக் கல்லூரியில் 1905இல் நின்ற அதே சுவர்!

அப்போது உயர்நீதிமன்ற நீதிபதி சுந்தரம் அய்யர் எழுந்தார். விதியை உடைக்கச் சொல்லவில்லை அவர். விதிக்கும் மேலே உள்ள சட்டத்தைத் திறந்து காட்டினார். ஆராய்ச்சியை வளர்ப்பது பல்கலைக்கழகத்தின் பணிகளில் ஒன்றென்று சட்டத்தின் முகவுரையே சொல்கிறதே என்று நினைவூட்டினார். பல்கலைக்கழகம் எதற்காகப் பிறந்தது என்ற கேள்வி எழுந்ததும் சுவரில் வாசல் திறந்தது. 1913 மே முதல் நாளிலிருந்து இரண்டாண்டுக்குத் திங்களுக்கு 75 ரூபாய். தேர்வு எழுத வேண்டாம். மூன்று திங்களுக்கு ஒருமுறை தாம் செய்த வேலையை எழுதிக் கொடுக்க வேண்டும். செய்த வேலைதான் சான்று.

கவனியுங்கள். இராமானுஜனிடம் 1913இல் இருந்த நோட்டுகளின் பெரும்பகுதி அவர் தேர்வில் தவறிக்கொண்டிருந்த ஆண்டுகளில் உருவானவை. அவர் புதிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. பார்க்கிறவர்கள் பார்க்க வேண்டிய தாளைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

1914 மார்ச்சு 17இல் நெவாசா என்ற கப்பலில் புறப்பட்டார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் கொடுத்தது. டிரினிட்டி கல்லூரி தன் பங்குக்கு 60 பவுன் கொடுத்தது. தேர்வுக்குப் பேர்போன கேம்பிரிட்ஜில் 1916இல் அவர் பெற்ற பி.ஏ. பட்டமும் தேர்வெழுதிப் பெற்றதல்ல. ஆய்வுக் கட்டுரைக்காகக் கொடுத்தது. 1918இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கிற்று. அந்தப் பெருமையைப் பெற்ற இந்தியர்களில் இரண்டாமவர். அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரியின் பெல்லோவாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார், இந்தியர்களில் முதல்வர். அந்த ஆண்டுகளின் கணித வேலையைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. அதற்கென்றே பெரிய நூல்கள் இருக்கின்றன. போர்க்காலக் குளிரும், ஒத்துவராத உணவும், தனிமையும் சேர்ந்து உடலைத் தின்றன என்பது மட்டும் எல்லோருக்கும் விளங்கும். 1919இல் நோயாளியாகத் திரும்பினார். 1920 ஏப்ரல் 26இல் சென்னை சேத்துப்பட்டில் மறைந்தார். வயது 32.

இனி நம் ஊருக்கு வருவோம். காரைக்கால் அரசுப் பள்ளிகள் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் இருந்து, 2023 முதல் படிப்படியாக மத்தியக் கல்வி வாரியத்துக்கு மாறின. அந்த வாரியமே 2009இல் தொடர் மதிப்பீடு என்று ஒரு முறையைக் கொண்டுவந்து, பாடத்துக்கு வெளியே மாணவரின் திறனுக்கும் பண்புக்கும் தரம் குறிக்கச் சொல்லிற்று. 2017இல் அதைக் கைவிட்டுப் பழைய தேர்வுக்கே திரும்பிற்று. 2020இல் வந்த தேசியக் கல்விக் கொள்கை பன்முக முன்னேற்ற அட்டை என்று பேசுகிறது. அந்தக் கொள்கையின்மேல் நமக்குள்ள வழக்கு வேறு. அதை இங்கே இழுக்கவில்லை. அட்டை எந்தப் பெயரில் வந்தாலும், அதில் எழுதப் போவது யார், எதைப் பார்த்து எழுதுவது என்பதே கேள்வி.

இதைப் பேசும்போது உழைக்கும் மக்களிடமிருந்து நியாயமான ஓர் அச்சம் எழுகிறது. தேர்வு என்பது ஏழைக்குக் கேடயம். விடைத்தாளில் பெயர் இல்லை, தெரு இல்லை, சாதி இல்லை. பதிவெண் மட்டும் உண்டு. திருத்துகிறவருக்கு இது பண்ணையார் மகன் தாளா, பண்ணையாள் மகன் தாளா என்று தெரியாது. அதை விட்டுவிட்டு, ஆசிரியர் கண்ணுக்குப் பட்ட நற்பண்பு, தனித்திறன் என்று போனால், பியானோ கற்கப் பணமுள்ள வீட்டுப் பிள்ளைக்கும், பள்ளிக்கு நன்கொடை கொடுத்தவர் பிள்ளைக்கும்தானே ஏடு நிறையும் என்று கேட்கிறார்கள். சரியான கேள்வி. தேர்வை ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். தேர்வு இருக்கட்டும். 1897இல் அந்தக் குமாஸ்தா மகனை மாவட்டத்தில் முதல்வனாகக் காட்டியதும் தேர்வுதானே!

ஆனால் இராமானுஜன் வாழ்வைத் திருப்பிப் பாருங்கள். பள்ளி ஏட்டில் எழுதாததால்தான் அவர் சிபாரிசுக் கடிதம் தேடி ஊர் ஊராக அலைந்தார். வெளிப்படையான பதிவு இல்லாத இடத்தில்தான் ஆள் பார்க்கும் சிபாரிசு ஆட்சி செய்கிறது. அது நம் பிள்ளைகளுக்கு எட்டாத சரக்கு. ஆகவே எழுதச் சொல்வோம். எல்லோர் கண்முன்னும் எழுதச் சொல்வோம். பண்பு நன்று, தலைமைக் குணம் உண்டு என்ற பொதுப் பேச்சு வேண்டாம். நாளும் வேலையும் குறித்து எழுதட்டும். இன்ன மாணவன், இன்ன திங்களில், பள்ளிக்கூடத்து நீர் இறைக்கும் எந்திரத்தைப் பழுதுபார்த்தான். இன்ன மாணவி, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேருக்கு ஓராண்டு மாலையில் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். இன்னான் விசைப்படகில் தந்தையோடு கடலுக்குப் போய்வந்தும் பள்ளிக்கு வராத நாள் இத்தனைதான். எழுதியதை அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். பொய் என்றால் கூடப் படிக்கும் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். அவர்களை ஏமாற்ற எந்தப் பண்ணையாராலும் முடியாது.

ஆசிரியருக்கு வேலை கூடும் என்பதும் உண்மை. ஒரு வகுப்பில் அறுபது பிள்ளைகளை அடைத்துவிட்டு, ஒவ்வொருவரையும் கவனித்து எழுது என்றால் அவர் மறுபடியும் நன்று என்றுதான் எழுதுவார். ஆகவே கேட்கும்போது ஆசிரியர் பணியிடத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்துக்கு நம் தோழர்கள் போவதே குறைவு. கூலி ஒரு நாள் போகும் என்று போவதில்லை. போனாலும் பின்வரிசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம். கோட்டுச்சேரியிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் இந்த ஆண்டு அந்தக் கூட்டங்களுக்குப் போய், பிள்ளை வாங்கிய மதிப்பெண்ணைக் கேட்ட பிறகு, வேறென்ன செய்தான் என்று ஒரு கேள்வியை எழுந்து நின்று கேட்டால் என்ன?

இராமானுஜன் விட்டுச்சென்ற தாள்களில் ஒரு கட்டு கேம்பிரிட்ஜ் நூலகத்தில் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. 1976இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் அதைக் கண்டெடுத்தார். சாகும் தறுவாயில் எழுதிய கணக்குகள் அவை. அறிஞர்கள் அவற்றை விளக்கப் பல்லாண்டு உழைக்க வேண்டியிருந்தது. அவர் மனைவி ஜானகி அம்மாள் திருவல்லிக்கேணியில் தையல் தைத்துப் பிழைத்து, 1994 வரை வாழ்ந்தார்.

இன்னொரு தாளும் உண்டு, அது கணக்கல்ல. 1919 சனவரியில், நாடு திரும்புமுன், இங்கிலாந்திலிருந்து சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுதிய கடிதம். ஆண்டுக்கு 250 பவுன் வீதம் ஐந்தாண்டுக்குப் பல்கலைக்கழகம் அவருக்கு ஒதுக்கியிருந்தது. அவ்வளவு பணம் தமக்குத் தேவையில்லை என்று எழுதினார். இங்கிலாந்துச் செலவு போக, பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன் கொடுத்துவிட்டு, தம் தேவைக்குப் போக மிஞ்சுவதைக் கல்விக்குச் செலவிடுமாறு கேட்டுக்கொண்டார். எதற்கென்றும் குறிப்பிட்டார்: ஏழைப் பிள்ளைகளுக்கும் தாய்தந்தையற்ற பிள்ளைகளுக்கும் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்க, பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்க. பருவத்துக்கு 32 ரூபாய் கட்ட முடியாமல் வீட்டைவிட்டு ஓடி அப்போது பதினான்கு ஆண்டுகூட நிறைந்திருக்கவில்லை.